கேட்டுவிட்டுத் தொடுவோம்

மனநலப் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. மருத்துவர் எழுதிய சீட்டை மடித்துப் பையில் வைத்து, நோயாளியை முன்னே நடக்கவிட்டு, கதவருகில் சற்றே தயங்கி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் குடும்பத்தார் அதைக் கேட்பார்கள். நல்லெண்ணெய் வைத்து உடம்பெல்லாம் தேய்த்துவிட்டால் கொஞ்சம் தெளியுமா? வேறு சிலர், கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் மசாஜ் நிலையத்தின் துண்டறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். கேரளத்துக்கு அழைத்துப் போய் 21 நாள் தங்கவைத்துப் பார்க்கலாமா என்பார் ஒருவர்.

இவ்வாறு கேட்போரைக் கண்டு நாங்களும் ஒரு காலத்தில் உள்ளூர நகைத்ததுண்டு. இன்று நகைப்பதில்லை. துன்பத்தில் இருப்பவரைத் தொட்டு ஆற்ற வேண்டும் என்ற எண்ணம் அன்பிலிருந்தே பிறக்கிறது. மருத்துவ அறிவின் ஆதரவும் அதற்கு ஓரளவு உண்டு. எங்களுக்கு உள்ள குறை ஒன்றுதான். தேய்த்துவிடலாமா என்று எங்களைக் கேட்கிறார்கள். யாருடைய உடம்போ அவரைக் கேட்பதில்லை. அவர் பத்தடி முன்னே மருந்தக வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

தொட்டு ஆற்றும் வழக்கம் நம் மண்ணில் மிகப் பழையது. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளாக 32 முறைகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என அதனை 9 வகையாகப் பகுத்திருக்கிறார்கள். வீட்டு வழக்குக்கு இந்தப் பெயர்கள் தேவைப்பட்டதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பை நீவி வெந்நீர் ஊற்றும் பாட்டியும், பச்சைக் குழந்தையை நீட்டிய கால்களின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் அத்தையும், வயல்வேலை முடித்து வந்த தாத்தாவுக்குக் கால் பிடித்துவிடும் பேரனும் எந்த நூலையும் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை. கொல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு வியந்த பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே, அதைப் படங்களோடு 1976இல் நூலாக்கினார். மேலைநாட்டுத் தாய்மார் பலர் அதன் வழியாகவே குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதை அறிந்துகொண்டனர்.

ஆனால் இதே மரபுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒருவரைப் பைத்தியம் என்று ஏளனம் செய்ய, தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி என்பார்கள். இன்றும் அது நகைச்சுவையாகவே வழங்குகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னே உண்மையில் நடந்த, இன்னும் சில இடங்களில் நடக்கிற ஒரு செயல் இருக்கிறது. நாலுபேர் கைகால்களை அமுக்கிக்கொள்ள, திமிறுகிறவரின் தலையில் எதையேனும் அரக்கித் தேய்த்து, குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை அனுபவித்தவர்கள் எங்கள் நோயாளர்களில் இருக்கிறார்கள். நோயின் மற்ற நாள்களை அவர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். அந்த நாளை மறக்கவில்லை.

மனநோய் வந்த ஒருவரை வீட்டில் நாம் எப்போதெல்லாம் தொடுகிறோம் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஆட்டோவில் ஏற்ற முழங்கையைப் பற்றுகிறோம். மாத்திரையை விழுங்கினாரா என்று பார்க்கத் தாடையைப் பிடிக்கிறோம். வெளியே போகாமல் தடுக்கத் தோளை அழுத்துகிறோம். மருத்துவமனையிலோ, இரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் தொடுகிறோம். இவை தவிர்த்த தொடுகை, அதாவது காரியம் எதுவும் இல்லாத தொடுகை, மெல்ல மெல்ல நின்றுபோகிறது. குழந்தைகளை மடியில் தருவதில்லை. திருமண வீட்டில் யாரும் தோளில் கைபோட்டு அழைத்துப் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி வாழ்கிறவருக்கு ஒரு மனிதக் கை தோளில் படுவது என்றாலே தன்னை எங்கோ இழுத்துப் போகப் போகிறார்கள் என்றுதான் பொருள்படும். மசாஜ் பற்றிய எந்தப் பேச்சையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

அறிவியல் என்ன சொல்கிறது? நம் தோலில், குறிப்பாக முடி வளரும் முன்கை, முதுகு போன்ற பகுதிகளில், ‘சி-டேக்டைல்’ எனப்படும் மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடும்போதே இவை நன்கு தூண்டப்படுகின்றன. ஒரு பொருள் கூர்மையானதா, சொரசொரப்பானதா என்று அறிவிப்பது இவற்றின் வேலையன்று. தொடுகை இதமாக இருக்கிறது என்ற உணர்வோடு தொடர்புடையவை இவை. நோயினால் தொடுவுணர்வின் தடித்த நரம்பிழைகளை இழந்துவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றி 2002இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சாதாரணத் தொடுகை எதையும் அவரால் உணர முடியவில்லை. எனினும், முன்கையில் மென்தூரிகையால் மெதுவாக வருடியபோது தெளிவற்றதோர் இதத்தை அவர் உணர்ந்தார். அம்மா தலையை வருடிவிடும்போது குழந்தை ஏன் அடங்குகிறது என்பதற்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

மசாஜ் பற்றிய 37 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தொடர்ந்து பல அமர்வுகள் மசாஜ் பெற்றவர்களுக்குப் பதற்ற இயல்பும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்ததாகக் கண்டது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பொதுமைப் பதற்றக் கோளாறு உள்ள 47 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளியானது. வாரம் இருமுறை, ஆறு வாரம் மசாஜ் பெற்றவர்கள், மேலோட்டமாகக் கைவைக்க மட்டுமே பெற்றவர்களைவிட நன்கு தேறினார்கள்.

இவற்றோடு நாங்கள் எப்போதும் சேர்த்துச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு; மசாஜ் நிலையத்தின் துண்டறிக்கையில் அது இடம்பெறாது. அமெரிக்காவில் அதே பதற்றக் கோளாறு உள்ள 68 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மசாஜ். இன்னொரு குழுவுக்குக் கைகால்களில் இதமான வெப்ப ஒத்தடம். மூன்றாவது குழுவினர் அமைதியான அறையில் வெறுமனே படுத்திருந்தார்கள். 12 வாரங்களில் ஒரு மணி நேர அமர்வுகள் பத்து. முடிவு 2010இல் வெளியானது. மூன்று குழுவினரும் தேறினார்கள். பதற்றம் நன்றாகவே குறைந்தது. மசாஜ் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை.

இதைக் கேட்டதும், அப்படியானால் மசாஜ் பயனற்றதா என்று சிலர் ஏமாற்றமடைகிறார்கள். எங்களுக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. அந்த மூன்று குழுவினருக்கும் பொதுவாகக் கிடைத்தது எது என்று எண்ணிப் பாருங்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒருவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். ஒரு மணி நேரம் யாரும் அவர்களை எதற்கும் அவசரப்படுத்தவில்லை. கதவு சாத்தியிருந்தது, கைப்பேசி ஒலிக்கவில்லை, அறிவுரை இல்லை. எங்கள் கணிப்பில், எண்ணெயின் வகையைவிடவும் அழுத்தும் நுட்பத்தைவிடவும் இதுவே பெரிய மருந்து. அதைத் தொடுகையின் வழியாகப் பெற விரும்புகிறவர்கள் அவ்வாறு பெறட்டும். விரும்பாதவர்கள் தொடாமலே பெறலாம்.

துண்டறிக்கைகள் பற்றி இன்னும் ஒரு சொல். உடம்பின் நச்சுகளெல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்கள். அதற்கு அடிப்படை இல்லை. மன அழுத்தத்தின் ஹார்மோனான கார்டிசால் மளமளவெனக் குறையும் என்கிறார்கள். ஆய்வுகளை முறையாகத் தொகுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை, மசாஜினால் கார்டிசாலில் நேரும் மாற்றம் மிகச் சிறிது என்றே கண்டது. இவை மிகைக்கூற்றுகள், பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். பணத்தோடு போகாத கூற்று ஒன்று உண்டு. இங்கே வருகிற நாள்களில் ஆங்கில மருந்தை நிறுத்திவிடுங்கள் என்பதே அது. மனச்சிதைவுக்கும் இருமுனையக் கோளாறுக்கும் மருந்து உட்கொள்பவர் திடீரென நிறுத்தினால் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி; மீண்டும் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம். யார் உங்களிடம் அப்படிச் சொன்னாலும், எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஐயம் இருந்தால் எங்களைக் கேளுங்கள். எங்களை அடைய முடியாத நேரத்தில் அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416 உண்டு.

இனி, எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மறுவாழ்வுப் பகுதியில் வாரம் ஒரு பிற்பகல் தோளும் கையும் நீவிவிடும் ஏற்பாட்டைத் தொடங்கினோம். பயிற்சி பெற்ற பெண் இயன்முறை மருத்துவர்தான் அதைச் செய்தார். நெடுநாள் மனச்சோர்வினால் துன்புற்ற நடுவயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய கணவர் அழைத்து வந்தார். நல்ல மனிதர், மனைவியின் மாத்திரைகளை நாள்பார்த்து எடுத்து வைப்பவர். ஏற்பாட்டை விளக்கினோம். மகிழ்ந்து, படிவத்தில் கையொப்பமிட்டார். அந்த அம்மையாரைப் பார்த்து, வாருங்கள் அம்மா என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வந்து உட்கார்ந்தார். பின்புறமிருந்து தோளில் கை வைத்தோம். கால்மணி நேரம் அவர் அசையவே இல்லை. மூச்சுகூட வெளியே தெரியவில்லை. நன்றாகத் தளர்ந்துவிட்டார் என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதினோம். எழுந்து, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு மாதம் அவர் வரவில்லை. மருந்தையும் நிறுத்திவிட்டார். தமக்கு நெருக்கமான செவிலியர் ஒருவரிடம் பின்னால் அவர் சொன்னதிலிருந்து, சிறுவயதில் அவருக்கு நேர்ந்த ஒரு கொடுமையின் நிழலை நாங்கள் அறிந்துகொண்டோம். அன்றைக்கு அவர் தளரவில்லை, உறைந்திருந்தார். அச்சம் எல்லை மீறும்போது உடம்பு ஓடவோ எதிர்க்கவோ இயலாமல் அப்படியே நின்றுவிடுவதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதி போலவே தோன்றும். கணவரிடம் கேட்டோம், படிவத்தில் கையொப்பம் வாங்கினோம், அவரிடம் மட்டும் கேட்கவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளும் பழக்கம் நமக்கெல்லாம் உள்ளதுதான். மருத்துவம் பயின்ற எங்களுக்கு அது இருந்திருக்கக் கூடாது.

அன்று முதல் வழக்கத்தை மாற்றினோம். சம்மதத்தை நோயாளியிடமே, குடும்பத்தார் அருகில் இல்லாதபோது கேட்கிறோம். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்றே கொள்கிறோம். எதிரில் உட்கார்ந்து, அவர் எங்கள் கைகளைப் பார்க்கும்படி தொடங்குகிறோம். பின்புறமிருந்து ஒருபோதும் இல்லை. ஆடை களைய வேண்டியதில்லை. முதலில் கைகள் மட்டும். ஆணா, பெண்ணா, யார் செய்ய வேண்டும், கதவு திறந்திருக்கலாமா, துணைக்கு யாரேனும் இருக்கலாமா என்பவற்றை அவரே முடிவு செய்கிறார். சொல்லால் நிறுத்த முடியாதவர் ஒரு விரலை உயர்த்தினால் போதும். கேள்வி கேட்காமல் நிறுத்துகிறோம். போன வாரம் சரி என்றவரிடமும் இந்த வாரம் புதிதாகக் கேட்கிறோம். இதில்தான் குடும்பத்தார் சிலருக்குப் பொறுமை போகிறது. ஒருமுறை ஒப்புக்கொண்டவரை எத்தனை முறைதான் கேட்பது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும்தான்.

இது வெறும் நாகரிகமாகத் தோன்றலாம். எங்களுக்கு இது சிகிச்சையின் பகுதி. தம் உடம்பின்மேல் தமக்கு அதிகாரம் இல்லை என்று நோயும், நோயைச் சுற்றி நடந்தவையும் ஒருவருக்குக் கற்பித்திருக்கின்றன. வேண்டாம் என்று அவர் சொல்லி, அச்சொல்லுக்கு ஒரு கை உடனே விலகிக்கொண்டது என்பதை அவர் காண்பது எந்த எண்ணெயும் தர முடியாத அனுபவம். எதிர்ப்பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் மடிந்தவர்களையும் சேர்த்து 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. நோய் முற்றிய காலத்தில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையையும் அது தருகிறது. தம்மை எவ்வாறு தொடலாம், எவ்வாறு தொடக் கூடாது என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிவைக்குமாறு எங்கள் நோயாளர்களிடம் சொல்லி வருகிறோம்.

உடம்பைத் தேய்ப்பதில் உடம்புக்கே நேரக்கூடிய கேடுகள் சிலவற்றையும் குறிப்பிட வேண்டும். மனநல மருந்து உட்கொள்பவருக்கு இவை பொது அறிவு போல் தெரிந்திருக்க வேண்டும்; எங்கள் ஆலோசனை அறைகளில் இவற்றைச் சொல்ல நேரம் போதுவதில்லை.

முதலாவதும் மிக முக்கியமானதும் இது. மனச்சிதைவுக்கான மருந்தைத் தொடங்கிய சில நாள்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், நாக்குத் தடிக்கும், கண் மேலே செருகிக்கொள்ளும். வீட்டார் இதைச் சுளுக்கு என்று எண்ணி, சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போய் எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். இது மருந்தின் பக்கவிளைவு. உடனே அழைத்து வந்தால், ஓர் ஊசியில் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். அதனினும் அரிதாக, ஆனால் உயிருக்கே ஆபத்தாக, கடுங்காய்ச்சலோடு உடம்பு முழுதும் மரம்போல் விறைத்து, வியர்த்து, நினைவு குழம்பலாம். அந்த நேரத்தில் கைகால்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணியும் வீண். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

லித்தியம் உட்கொள்பவர்களுக்கு நீராவிக் குளியல் ஆகாது. மசாஜ் நிலையங்களில் எண்ணெய்த் தேய்ப்புக்குப் பின் நீராவிப் பெட்டிக்குள் உட்காரவைப்பது வழக்கம். மிகுதியாக வியர்த்து உடம்பின் நீர் வற்றினால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். வேறு பல மனநல மருந்துகளும் உடம்பு வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைப்பவையே. குளோசபின், ஒலான்சபின் முதலியவற்றை உட்கொள்பவர் படுத்திருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழக்கூடும். எண்ணெய்ப் பசையுள்ள தரையில் அது இடுப்பெலும்பு முறிவில் முடியும். மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசி போட்ட இடத்தை வலி போக்குவதாக எண்ணித் தேய்க்கக் கூடாது. நெடுநாள் படுத்தே கிடந்தவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால், அது உறைந்த இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாத புண், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து ஆகியவை உள்ளவர்களும் கேட்காமல் மசாஜுக்குப் போக வேண்டாம்.

உள்ளத்தின் நிலையும் பார்க்க வேண்டியதே. யாரோ தமக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற ஐயம் மேலோங்கியிருக்கும் காலத்தில், நன்மை கருதித் தொடும் கையும் அந்த ஐயத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அது அடங்கும்வரை பொறுத்திருப்பதே நன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு மென்மையான வருடல் தாங்கவொண்ணாத எரிச்சல். அதே குழந்தை தலையணையால் இறுக அணைத்தால் இதமாக இருப்பதாகக் காட்டும். ஒரு குழந்தைக்குப் பொருந்தியது அடுத்த குழந்தைக்குப் பொருந்தாது. மறதி நோய் கண்ட முதியவர்களின் படபடப்பைக் கைகளை நீவிவிடுதல் அப்போதைக்குத் தணிக்கும் என்பதற்கு ஓரளவு ஆய்வுச் சான்று உண்டு. அவர்களிடம் சொல்லால் சம்மதம் பெற இயலாது. ஆயினும் கையை இழுத்துக்கொள்வது, முகம் சுளிப்பது, விரல்களை மடக்கிக்கொள்வது எல்லாம் பதில்கள்தாம்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வு கொள்ளும் தாய்மாரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறோம். நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பாட்டிமார் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சோர்ந்திருக்கும் தாய் ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் இலண்டனில் இத்தகைய தாய்மார் சிலருக்குத் தம் குழந்தைக்குத் தாமே மசாஜ் செய்யக் கற்பித்துப் பார்த்தபோது, தாய்க்கும் சேய்க்குமான உறவாடல் மேம்பட்டதை 2001இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தாய் விரும்பினால், கை தாயினுடையதாக இருக்கட்டும்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு நாங்கள் பெரிதாக எதுவும் கற்பிப்பதில்லை. எதிரில் உட்காருங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சில சொட்டுகள் போதும். கையைப் பிடித்துவிடட்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் புறங்கையிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவுங்கள்; அவசரமாகத் தேய்த்தால் அந்த நரம்பிழைகளுக்கு வேலையே இல்லை. பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் மாத்திரை, வேலை, திருமணம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டாம். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் எண்ணெயை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் மறுபடி கேட்கலாம். வளர்ந்த மகனுக்குத் தாய் கை பிடித்துவிடுவதா என்று கூசும் வீடுகளும் உண்டு. அங்கே தந்தையோ அண்ணனோ செய்யட்டும். யாருக்கும் இயலவில்லையென்றால் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் நன்றே.

பராமரிப்பவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்களை யார் தொடுகிறார்கள்? குளிப்பாட்டி, ஊட்டி, தாங்கிப் பிடித்து, நாள் முழுதும் உங்கள் கைகள் பிறருக்கு வேலை செய்கின்றன. உங்கள் தோள்பட்டை கல்லாய் இறுகியிருப்பதை இயன்முறை மருத்துவர்கள்தான் கண்டு சொல்கிறார்கள். அதுவும் வேறு எதற்கோ வந்தபோது. புற்றுநோய்க்கு உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு வாரம் ஒருமுறை கையையோ காலையோ மென்மையாக நீவிவிட்டு, அது துயரைத் தாங்க எவ்வாறு உதவியது என்று ஸ்வீடனில் கேட்டறிந்திருக்கிறார்கள். இறந்த பின்தான் பராமரித்தவருக்கு இது கிடைக்க வேண்டும் என்பதில்லை. மறுவாழ்வுப் பகுதியின் அறை உங்களுக்கும் திறந்திருக்கிறது. நோயாளியை அழைத்து வரும் நாளில், அவர் உள்ளே இருக்கும் நேரத்தில், நீங்களும் உட்காரலாம். உங்களிடமும் கேட்டுவிட்டுத்தான் தொடுவோம்.

மேலே சொன்ன அம்மையார் இப்போது மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறார். எங்கள் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டோம். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை பிற்பகல்களில் வரத் தொடங்கினார். வந்ததும் துவைத்து வந்த துண்டுகளை மடித்து அடுக்குவார். அதை யாரும் அவருக்கு இட்ட வேலையன்று. பிறகு ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருவார். இயன்முறை மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார். இதுவரை ஒருமுறைகூட அவர் சரி என்று சொன்னதில்லை. இன்று வேண்டாம் என்பார், இப்போதெல்லாம் கொஞ்சம் உரக்கவே. எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.